கட்டடப் பேராசான் மிமார் சினான்

இஸ்லாமியக் கட்டடக்கலையின் சிறப்பினை விழா மேடைகளில் எடுத்துரைப்போர், தாஜ்மஹாலையும் அல்ஹம்ராவையும் போற்றி முடித்தபின் துருக்கியின் சினானை நினைவுகூர்வது வழக்கம். ஒரு குவிமாடத்தின் அளவினையும் ஒரு சுல்தானின் பெயரினையும் கூறிக் கைத்தட்டலோடு அப்பேச்சு நிறைவுறும். அந்தக் கட்டடக் கலைஞர் எங்கே பிறந்தார், எவ்வாறு கற்றார், எவற்றைக் கட்டினார், எதனால் வருந்தினார் என்று கேட்பாரும் இல்லை; சொல்வாரும் இல்லை. ஒருவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுமுன் அவரது வாழ்வினை உள்ளது உள்ளவாறு அறிந்துகொள்ளுதல் நம் கடமையாகும். அக்கடமையின் ஒரு சிறு பகுதியினை இக்கட்டுரையில் நிறைவேற்ற முற்படுகிறோம்.

பிறப்பும் பிரிவும்

அனத்தோலியாவில் கைஸேரி நகருக்கு அண்மையில் அகிர்னாஸ் என்றொரு சிற்றூர் உள்ளது. 15ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அவ்வூரின் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் சினான் பிறந்தார். அக்காலத்து உஸ்மானியப் பேரரசில் தேவ்ஷிர்மே என்னும் ஆள்திரட்டும் முறை நிலவியது. கிறித்தவக் குடும்பங்களின் ஆண்மக்களைத் திரட்டித் தலைநகருக்குக் கொண்டு சென்று, இஸ்லாத்தில் சேர்த்து, பயிற்சியளித்து, படைக்கும் அரண்மனைக்கும் அனுப்புவதே அம்முறை. முதலாம் சுல்தான் ஸலீமின் ஆட்சி தொடங்கிய 1512ஆம் ஆண்டளவில் சினானும் இவ்வாறு திரட்டப்பட்டார்.

இச்செய்தியினை மறைத்துவிட்டுச் சினானின் புகழை மட்டும் பாடுதல் நேர்மையாகாது. மார்க்கத்தில் நிர்ப்பந்தத்தினை ஏற்காதது இஸ்லாம். ஆட்சியின் பாதுகாப்பினை நம்பி வாழ்ந்த குடிமக்களிடமிருந்து அவர்தம் பிள்ளைகளைப் பிரித்தெடுப்பதற்கு ஷரீஅத்தில் இடம் காண்பது அரிது. எளிய குடியிற் பிறந்த பலர் இம்முறையின் வழியே தளபதிகளாகவும் வஸீர்களாகவும் உயர்ந்தனர் என்பது உண்மையே. ஆயினும் மகன் அடைந்த உயர்வினால் தாய் வடித்த கண்ணீர் பொய்யாகிவிடுவதில்லை.

ஆவணங்களில் அவர் பெயர் யூசுஃப் பின் அப்துல்லாஹ் எனவும் காணப்படுகிறது. குடும்பத்தினின்றும் பிரிக்கப்பட்டு, அந்நிய நாட்டின் அரசவையில் உயர்நிலை எய்திய நபி யூசுஃப் (அலை) அவர்களின் பெயர் இவருக்கு வாய்த்தமை நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

போர்க்களமே கல்விக்கூடம்

பயிற்சிக் காலத்தில் சினான் விரும்பிக் கற்ற தொழில் தச்சு. மரத்தை அளந்து அறுத்து, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திய கைதான் பின்னாளில் கல்லை வானில் நிறுத்தியது. ஜானிஸரி என்னும் காலாட்படையில் சேர்ந்த அவர், 1521இல் பெல்கிரேட், 1522இல் ரோட்ஸ், 1526இல் மொஹாக்ஸ் எனச் சுல்தான் சுலைமானின் போர்ப்பயணங்களில் பங்கேற்றார். 1534ஆம் ஆண்டு தொடங்கிய பாக்தாத் படையெடுப்பிலும் அவர் இருந்தார்.

சென்ற இடமெல்லாம் அவருக்குப் பாடமாயிற்று. கோட்டைகளை எவ்வாறு தகர்ப்பது என்று ஆராய்பவன், அவை எதனால் நிற்கின்றன என்பதனையும் அறிந்தே தீரவேண்டும். பழைய பாலங்களையும் இடிந்த மண்டபங்களையும் அவர் கூர்ந்து நோக்கினார். பாரசீகப் படையெடுப்பின்போது வான் ஏரியினைக் கடக்கப் படகுகள் தேவைப்பட்டன. சினான் அவற்றைக் கட்டிக் கொடுத்தார். 1538இல் மால்டாவியப் படையெடுப்பில் புருத் ஆற்றின் சேற்று நிலம் படையினைத் தடுத்து நிறுத்தியது. இரண்டு வாரத்துக்குள் அவ்விடத்தில் உறுதியான மரப்பாலம் ஒன்றினை அமைத்துப் படை முழுவதையும் அக்கரை சேர்த்தார்.

அதன்பின் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் பதவி அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. பலர் ஓய்வினை எண்ணத் தொடங்கும் பருவத்தில் அவரது பெரும்பணி தொடங்கியது. சுலைமான், இரண்டாம் ஸலீம், மூன்றாம் முராத் ஆகிய மூன்று சுல்தான்களின் ஆட்சியிலும், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அப்பதவியினை அவர் வகித்தார்.

மூன்று படிகள்

சினானின் வாழ்நாட் பணியினை மூன்று பள்ளிவாசல்களைக் கொண்டு அளவிடுவது மரபு. இஸ்தான்புல்லின் ஷஹ்ஸாதே பள்ளிவாசல் அவரது மாணவப் பருவத்தின் படைப்பு. சுலைமானிய்யா, தொழில் பழகிய பருவத்தின் படைப்பு. எதிர்னே நகரின் ஸெலிமிய்யா, ஆசான் பருவத்தின் படைப்பு. இப்பகுப்பு அவரே கூறியதாக வழங்கி வருகிறது. உலகம் வியக்கும் ஒரு கட்டடத்தினை மாணவனின் பயிற்சி ஏடு என்று கருதுவதற்கு எத்தகைய உள்ளம் வேண்டும் என்பதனை நம் மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.

சுல்தான் சுலைமானின் அன்பு மகன் இளவரசர் முஹம்மது 1543இல் இளவயதில் மறைந்தார். அவர் நினைவாக எழுந்ததே ஷஹ்ஸாதே பள்ளிவாசல். 1548இல் அது நிறைவுற்றது. 19 மீட்டர் விட்டமுள்ள நடுக் குவிமாடத்தினை நான்கு புறமும் நான்கு அரைக்குவிமாடங்கள் தாங்கி நிற்கின்றன. குவிமாடம் என்பது தன் எடையினால் கீழ்நோக்கி மட்டுமன்றி வெளிப்புறமாகவும் உதைக்கும் இயல்புடையது. அவ்வுதைப்பினை ஏற்க ஆளில்லையேல் சுவர்கள் பிளந்துவிடும். நாற்புறமும் ஒன்றுபோல் அமைந்த அரைக்குவிமாடங்கள் அவ்வுதைப்பினைப் பகிர்ந்து வாங்கிப் படிப்படியாகத் தரைக்கு இறக்கிவிடுகின்றன.

சுலைமானிய்யா

1550இல் தொடங்கி 1557இல் நிறைவுற்ற சுலைமானிய்யா பள்ளிவாசலின் குவிமாடம் 26.5 மீட்டர் விட்டமும், தரையினின்றும் ஏறத்தாழ 53 மீட்டர் உயரமும் உடையது. உதைப்பினைத் தாங்கும் பெருஞ்சுவர்களை உள்ளும் புறமும் அமைந்த நடைமாடங்களுக்குள் சினான் மறைத்துவிட்டார். ஆதலின் உள்ளே நின்று தொழுவோர்க்குத் தெரிவது விரிந்த வெளியும் நிறைந்த ஒளியுமே. கட்டடத்தின் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

பள்ளிவாசலைச் சுற்றி மதரஸாக்கள், ஹதீஸ் கல்விக்கூடம், மருத்துவக் கல்விக்கூடம், மருத்துவமனை, ஏழைகளுக்கும் வழிப்போக்கர்க்கும் உணவளிக்கும் சமையற்கூடம், விடுதி, குளியலகம் எனப் பல கட்டடங்கள் எழுந்தன. இவை யாவும் வக்ஃபு சொத்துகளின் வருவாயினால் நடைபெற்றன. தொழுகையும் கல்வியும் மருத்துவமும் பசிப்பிணி நீக்கமும் ஒரே வளாகத்தில் அமைந்திருந்ததே இதன் தனிச்சிறப்பாகும். பள்ளிவாசலின் அழகினைப் பேசும் நாம், அதன் சமையற்கூடத்தினையும் சேர்த்துப் பேசவேண்டும்.

கட்டுமானத்தின் கணக்கேடுகள் இன்றும் கிடைக்கின்றன என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி. கூலி, கல், ஈயம், கண்ணாடி ஆகியவற்றின் செலவுகள் அவற்றில் பதிவாகியுள்ளன. அக்கணக்கேடுகளை ஆராய்ந்த துருக்கிய வரலாற்றறிஞர் உமர் லுத்ஃபி பர்கான், அங்குப் பணிபுரிந்த கைவினைஞர்களில் ஏறத்தாழச் சரிபாதியினர் கிறித்தவர் என்பதனை எடுத்துக்காட்டினார். முஸ்லிம் கொத்தரும் கிறித்தவக் கல்தச்சரும் கூலி பெற்று அருகருகே நின்று எழுப்பிய பள்ளிவாசலே சுலைமானிய்யா. இது நம் பெருமையினைக் குறைக்கும் செய்தியன்று. கூட்டும் செய்தியே ஆகும்.

பணி காலம் தாழ்த்துகிறது என்றும், குவிமாடம் நிலைக்காது என்றும் சுல்தானிடம் சிலர் கோள் மூட்டியதாக முதுமையில் சினான் கூறக் கவிஞர் ஸாயி முஸ்தஃபா எழுதிய நினைவுக்குறிப்பு தெரிவிக்கிறது. சினமுற்று வந்த சுல்தான் எப்போது முடிப்பாய் என வினவ, இரண்டு மாதத்தில் என்று விடையளித்த சினான், பணியாளர்களைப் பெருக்கி, இரவும் பகலும் உழைத்து அவ்வாறே முடித்தார். திறப்பு நாளில் திறவுகோலைச் சினான் சுல்தானிடம் நீட்ட, கதவினைத் திறக்கும் பேற்றினைச் சுல்தான் அவருக்கே வழங்கினார் என்றும் அந்நூல் கூறுகிறது.

நீரும் பாலமும்

சினான் என்றால் குவிமாடம் என்று எண்ணுவோர் அவர் பணியின் பாதியையே அறிந்தவராவர். தலைநகரின் மக்கட்தொகை பெருகப் பெருகத் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாயிற்று. ஒளுச் செய்யவும் பருகவும் நீரின்றிப் பள்ளிவாசல் எழுப்பி என்ன பயன்? நகருக்கு வடக்கேயுள்ள காட்டுப்பகுதியின் ஊற்றுகளையும் ஓடைகளையும் இணைத்து, கிர்க்செஷ்மே என்னும் பெரும் நீர்வழியினை 1554க்கும் 1564க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் அமைத்தார். பள்ளத்தாக்குகள் குறுக்கிட்ட இடங்களில் வளைவுகளின்மேல் கால்வாயினை ஏற்றிச் சென்றார். நீர் தானே வழிந்தோடும்படி வழிநெடுக மெல்லிய சரிவினை இம்மி பிசகாது காத்தல் வேண்டும். மட்டம் பார்க்கும் கலையில் அவர் பெற்றிருந்த தேர்ச்சிக்கு இதுவே சான்று.

1563இல் பெருவெள்ளம் ஒன்று வந்து இந்நீர்வழியின் சில பகுதிகளைச் சிதைத்தது. பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் பாழாயிற்று. சினான் மனந்தளரவில்லை, மீண்டும் கட்டினார். இன்றும் நிற்கும் மக்லோவா நீர்ப்பாலம் 36 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 258 மீட்டர் நீளமும் கொண்டது. அதன் தூண்கள் அடியில் அகன்று மேலே ஒடுங்கி, வெள்ளத்தின் மோதலைத் தாங்கும் வகையில் அமைந்துள்ளன. தோல்வியினைப் பாடமாக மாற்றிய ஒருவரின் கைவண்ணம் அது.

இஸ்தான்புல்லுக்கு மேற்கேயுள்ள பூயூக்செக்மெஜே நீர்ப்பரப்பின் மீது அவர் அமைத்த பாலம் 28 வளைவுகளையும் ஏறத்தாழ 636 மீட்டர் நீளத்தினையும் உடையது. அதனைத் தொடங்கிவைத்த சுல்தான் சுலைமான் 1566இல் ஸிகெத்வார் முற்றுகையின்போது மறைந்தார். அவர் மகன் காலத்தில் பாலம் நிறைவெய்தியது. பெருமைமிகு பள்ளிவாசல்களில் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளாத சினான், இப்பாலத்தில் யூசுஃப் பின் அப்துல்லாஹ் என்று தம் பெயரைப் பொறித்திருக்கிறார். வணிகரும் உழவரும் படைவீரரும் கால் நனையாது கடந்து செல்லும் ஒரு பாலத்தினையே தம் பெயர் தாங்கத் தக்கதாக அவர் கருதினார் போலும்.

போஸ்னியாவில் விஷெகிராத் நகரில் திரினா ஆற்றின் மீது 1570களில் எழுந்த 11 வளைவுகள் கொண்ட பாலமும் அவரது வடிவமைப்பே. அதனைக் கட்டச் செய்த முதன்மை வஸீர் சோக்குல்லு முஹம்மது பாஷாவும், விஷெகிராதுக்கு அண்மையிலுள்ள ஊர் ஒன்றில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் தேவ்ஷிர்மே முறையில் கொண்டுசெல்லப்பட்டவரே. தாயகத்தினின்றும் பிரிக்கப்பட்ட இருவர் சேர்ந்து, பிரிந்த இரு கரைகளை இணைத்தனர்.

எதிர்னேயின் ஸெலிமிய்யா

இரண்டாம் ஸலீமின் ஆணைப்படி எதிர்னே நகரில் ஸெலிமிய்யா பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கியபோது சினான் எழுபது வயதைக் கடந்தவர். முடித்தபோது எண்பதை எட்டியவர். எட்டுத் தூண்கள் தாங்கும் 31 மீட்டருக்குச் சற்று மிகுந்த விட்டமுடைய ஒரே குவிமாடத்தின்கீழ் பள்ளிவாசல் முழுவதும் அடங்குகிறது. இடையே எதுவும் குறுக்கிடாமையால் தொழுவோர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் ஒரே வெளியில் நிற்கின்றனர். நான்கு மூலைகளிலும் 70 மீட்டரை ஒட்டிய உயரத்தில் மெலிந்த நான்கு மினாராக்கள் எழுந்து நிற்கின்றன. 1574இன் இறுதியில் சுல்தான் ஸலீம் மறைந்தார்; மறு ஆண்டில் திறக்கப்பட்ட அப்பள்ளிவாசலில் தொழும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 2011இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாக ஏற்றது.

ஸெலிமிய்யாவின் குவிமாடம் ஆயா சோபியாவின் குவிமாடத்தினை வென்றது என்று நினைவுக்குறிப்பில் பெருமிதத்தோடு கூறப்பட்டுள்ளது. நம் மேடைகளிலும் இதுவே முழங்கப்படுகிறது. அளந்து பார்ப்பின், விட்டத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம். தரையினின்றும் கணக்கிடும் உயரத்தில் ஆயா சோபியாவே மிக்கது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் எழுந்த அக்கட்டடத்தினைச் சினான் தம் ஆசானாகவே கொண்டார் எனலாம். அதன் பிழைகளையும் அவர் கற்றார். முதற்குவிமாடம் கட்டிய இருபதே ஆண்டுகளில் சரிந்ததனை அவர் அறியாதவரல்லர். ஸெலிமிய்யா எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1573இல், பழுதுற்றிருந்த ஆயா சோபியாவிற்கு முட்டுச்சுவர்கள் எழுப்பி அதனை வலுப்படுத்தும் பணியினையும் அவரே மேற்கொண்டார். யாரோடு போட்டியிட்டாரோ அவரையே தாங்கிப் பிடித்த சான்றாண்மை இது. அளவில் வென்றதைவிட இது பெரிய வெற்றி என்று நாம் கருதுகிறோம்.

வேரினை மறவாதவர்

அதே 1573ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த மற்றொரு செய்தி அவர் உள்ளத்தினை நமக்குக் காட்டுகிறது. சைப்ரஸ் தீவு உஸ்மானியர் வசமான பின், அங்குக் குடியமர்த்துவதற்காக அனத்தோலியாவின் மக்களை இடம்பெயர்க்க அரசு ஆணையிட்டது. கைஸேரிப் பகுதிக் கிறித்தவர்களும் அப்பட்டியலில் இருந்தனர். அவர்களுள் அகிர்னாஸில் வாழ்ந்த தம் உறவினர்க்கு விலக்களிக்குமாறு சினான் சுல்தானிடம் வேண்டினார். வேண்டுகோள் ஏற்கப்பட்டு ஆணை பிறந்தது.

ஊரைவிட்டு வந்து அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. மதம் வேறாயிற்று; நிலை வேறாயிற்று. ஆயினும் உறவினை அவர் அறுக்கவில்லை. இரத்த உறவினைப் பேணுதல் இஸ்லாம் வலியுறுத்தும் கடமை. உறவினர் பிற சமயத்தவர் என்பதனால் அக்கடமை நீங்கிவிடுவதில்லை. எகிப்தின் அரசவையில் உயர்ந்து தம் உறவினரைக் காத்த நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு இவண் நம் நினைவுக்கு வருகிறது. தம் சொத்துகளைக் கொண்டு சினான் ஏற்படுத்திய வக்ஃபின் ஆவணத்தில், அவர் பிறந்த ஊரின் நீரூற்று ஒன்றும் இடம்பெற்றுள்ளது. அடையாளம் யாவும் மாறிய பின்னும், பிறந்த மண்ணிற்கு அவர் நீரினை அனுப்பிவைத்தார்.

மறைவும் அதன் பின்னும்

1588இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் சினான் மறைந்தார். சுலைமானிய்யா வளாகத்தின் மதிலுக்கு வெளியே, ஒரு தெருமுனையில் அவரது எளிய கப்ரு அமைந்துள்ளது. அவர் கட்டியவற்றின் எண்ணிக்கை பட்டியலுக்குப் பட்டியல் வேறுபடினும், முந்நூற்றுக்கு மேற்பட்டன என்பதில் ஐயமில்லை. பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், மருத்துவமனைகள், பாலங்கள், குளியலகங்கள், விடுதிகள் என அவை பலதிறப்பட்டன. இத்தனையையும் ஒருவரே நேரில் நின்று கட்டியிருத்தல் இயலாது. அவர் உருவாக்கிய மாணவர்களும் உதவியாளர்களும் அவரது வரைவுகளைப் பேரரசெங்கும் எடுத்துச் சென்றனர். அவருக்குப்பின் பதவியேற்ற தாவூத் ஆகாவும், 1617இல் நிறைவுற்ற சுல்தான் அஹ்மது பள்ளிவாசலைக் கட்டிய முஹம்மது ஆகாவும் அவர் பள்ளியில் பயின்றவர்களே. தாஜ்மஹாலைக் கட்டியவரும் அவர் மாணவரே என்று கூறப்படுவதுண்டு. அதற்குத் தக்க சான்று இல்லை. இல்லாத புகழினைச் சேர்க்கவேண்டிய தேவை சினானுக்கு இல்லை.

20ஆம் நூற்றாண்டில் சினான் எந்த இனத்தவர் என்னும் வழக்கு மூண்டது. துருக்கியர், கிரேக்கர், ஆர்மீனியர் எனப் பல தரப்பினரும் உரிமை கோரினர். 1935இல் துருக்கிய வரலாற்றுக் கழகத்தைச் சார்ந்த குழுவினர் அவரது கப்ரினைத் திறந்து, அவர் இனத்தினை நிறுவும் பொருட்டுத் தலையோட்டினை எடுத்து அளந்தனர். அத்தலையோடு பின்னர்க் காணாமற்போயிற்று. வாழ்நாளெல்லாம் பிறர் தலைக்கு மேல் கூரை அமைத்தவரின் தலை, பெருமை பேச விழைந்தோரின் கையில் தொலைந்து போயிற்று. மறைந்த ஒருவரை உரிமை கொண்டாடும் வேட்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

நிறைவாக

சினான் யாருக்கு உரியவர்? பிறப்பினால் ஓர் ஊருக்கும், ஈமானினால் உம்மத்திற்கும், பணியினால் மானிடம் முழுமைக்கும் உரியவர் என்பதே நம் விடை. அவரை நம்மவர் என்று கூறிக்கொள்ளும் தகுதி, அவர் மதத்தினைச் சார்ந்திருப்பதனால் மட்டும் நமக்கு வந்துவிடாது. கூலிக்கும் கல்லுக்கும் கணக்கெழுதி வைத்தல். வக்ஃபு சொத்தின் வருவாயினைப் பசித்தவர்க்கும் பயில்பவர்க்கும் கொண்டு சேர்த்தல். பிற சமயத்தவரோடு தோள் சேர்ந்து உழைத்தல். வெள்ளம் அழித்ததனை மீண்டும் கட்டுதல். எண்பதை எட்டும்வரை தம்மை மாணவனாகவே கருதுதல். இவற்றை நம் நிறுவனங்களிலும் நம் வாழ்விலும் காணுமளவுக்கே சினான் நம்மவராவார்.

மாணவச் செல்வங்களே! இனி எம்மேடையிலேனும் சினானின் பெயர் கேட்கும்போது, குவிமாடத்தோடு அந்தப் பாலத்தினையும், அகிர்னாஸின் நீரூற்றினையும் நினைவுகூருங்கள். பெரியோர்களே! எழுப்பும் பள்ளிவாசலின் உயரத்தோடு அதனருகே எழவேண்டிய கல்விக்கூடத்தினையும் சமையற்கூடத்தினையும் எண்ணிப் பாருங்கள். உண்மையினை மறைக்காது போற்றவும், போற்றியதனைப் பின்பற்றவும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக! ஆமீன்.